மீதிச் சில்லறை

பாம்பனில் ஏறும்போது
ஐம்பதாயிரமாக இருந்தது அந்த வழக்கு.
பாலத்தில் காற்று கூடியது.
மண்டபத்தில் இறங்கியவர் சொல்லி, ஏறியவர் கேட்டு
ஒரு லட்சம்.
வேதாளையில் மூன்று.
உச்சிப்புளியில் கருவாட்டுக் கூடைகளோடு
ஐந்து லட்சம் ஏறி உட்கார்ந்துகொண்டது.
பாரதி நகர் வருவதற்குள்
அவள் புதுவீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தாள்.

நான் கண்டக்டர்.
தொகைக்கு டிக்கெட் கிடையாது என்பதால்
அதை ஏற்றி இறக்குவதில் எனக்குச் சிரமமில்லை.

"சூப்பு சுடும்னு தெரியாதாக்கும்?"
"ஐஸ் போட்டுல்ல குடுத்திருக்கணும் மகாராணிக்கு."
"வக்கீலுக்குப் பாதி, இவளுக்குப் பாதி,
செத்த கோழிக்குத்தான் ஒண்ணுமில்ல."
கடைசி வரி என்னுடையது.
நன்றாகச் சிரித்தார்கள்.
டிரைவர் ஆரோக்கியதாஸ்கூட
கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் பெயர் முத்துராக்கு. சின்னப்பாலம்.
விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி
பாறை இடுக்கில் பாசி பறிக்கிறவள்.
ராம்நாடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
அந்தச் சிவப்புக் கோழிக்கடை திறந்த மாதம்
மகள் பத்தாவது தேறியதற்குக் கூட்டிப் போயிருக்கிறாள்.
காகிதக் குவளை. சரியாக உட்காராத மூடி.
நைலக்ஸ் சேலை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்,
மீதியை ஊர் சொன்னது.

வாய்தா நாட்களில் என் வண்டியில்தான் வருவாள்.
சீட்டு காலியாக இருந்தாலும் நின்றே வருவாள்.
திமிர் என்றோம்.
இருபத்தெட்டு ரூபாய்க்கு முப்பது நீட்டுவாள்.
சில்லறை இல்லை என்று
டிக்கெட்டின் முதுகில் 2 எழுதிக் கொடுப்பேன்.
மற்றவர்கள் அதை ஜன்னல் வழியே விட்டுவிடுவார்கள்.
அவள் விடமாட்டாள்.
இறங்கும் படியில் நின்று
பின்னால் பத்துப்பேர் நெருக்க
கையை நீட்டியபடியே இருப்பாள்.
"ரெண்டு ரூவாய்க்கே இப்படின்னா..."
என்று யாராவது இழுப்பார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணியில் ஒருநாள் கச்சான் அடித்து
பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது.
முடிச்சிலிருந்து பணம் எடுப்பதற்காக
மஞ்சள் கவரை என்னிடம் பிடிக்கக் கொடுத்தாள்.
படித்திருக்கக் கூடாதுதான்.
மருந்து, கட்டு, ஊசி: ஒன்பதாயிரத்து இருநூறு.
கடலில் இறங்க முடியாத அறுபத்திரண்டு நாள்,
நாளொன்றுக்கு ஐந்நூறு.
கூட்டி நாற்பதாயிரத்து இருநூறு.
அதற்குக் கீழே இன்னொரு வரி:
எதிர்மனுதாரர் குவளையின் மூடியை மாற்ற வேண்டும்.

வெந்த தொடையில் உப்புத்தண்ணீர் என்ன செய்யும் என்று
அதில் எழுதியிருக்கவில்லை.
எனக்கு எழுதிக் காட்டவும் தேவையில்லை.
நானும் இந்தக் கரையில் பிறந்தவன்.

அன்று சாயங்கால டிரிப்பில்
உச்சிப்புளியில் பேச்சு தொடங்கியதும் சொன்னேன்:
"நாப்பதாயிரத்து இருநூறு. நானே பார்த்தேன்."
வண்டிக்குள் கொஞ்ச நேரம்
எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு பின்சீட்டிலிருந்து ஒருவர்:
"இவனுக்கு எவ்வளவு பேசியிருக்கா?"
மண்டபம் போய்ச் சேரும்போது
என் பங்கு பத்தாயிரம்.
பாலம் தாண்டியதும் இருபது.
அன்றைக்கும் நன்றாகச் சிரித்தார்கள்.
ஆரோக்கியதாஸ் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
கடைக்காரர்களின் வக்கீல்
மதுரையிலிருந்து ஏசி காரில் வருகிறார்,
பல தடவை வருவதில்லை.

நேற்று கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில்
அவள் கை நீட்டும் முன்னால்
தோல்பையைக் குடைந்து இரண்டு ரூபாய் நாணயம் எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பழைய டிக்கெட்டுகள் மூன்றை விரித்தாள்,
வியர்வையில் மை ஊறிப் பரந்த
மூன்று 2.

"விசில் அடிப்பா, நேரமாகுது"
என்றது வண்டி.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.